நிறை எழுதப்படாத கொப்பி: மனநோயும் இதயமும் பற்றிய ஒரு வரலாறு

எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணா கடந்த வருஷம் மாரடைப்பில் செத்துப்போனார். வயது 43. 21 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. அதற்குப் பிறகு மாதம் தவறாமல் கிளினிக், ஊசி, குளிசை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பலரும் ஒரே மாதிரித்தான் ஆறுதல் சொன்னார்கள்: "பாவம், எவ்வளவு காலம் பட்ட பாடு. நிம்மதியாப் போயிட்டான்."

அந்த 'நிம்மதி' என்ற சொல் எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 43 வயதில் வேறு யாராவது மாரடைப்பில் போயிருந்தால் ஊரே அதிர்ந்திருக்கும். பிரஷர் பார்த்தாரா, சீனி பார்த்தாரா, ஏன் முதலே தெரியவில்லை என்று ஆளுக்காள் கேட்டிருப்பார்கள். இவருக்கு மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அவருடைய அக்கா கிளினிக் கொப்பியை எங்களிடம் காட்டினார். 11 வருஷக் கணக்கு அதில் இருக்கிறது. திகதி, குளிசைகளின் பெயர், ஊசி, அடுத்த முறை வரவேண்டிய நாள், ஒரு கையெழுத்து. சில இடங்களில் 'நித்திரை பரவாயில்லை', 'குரல்கள் குறைவு' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஓரிரு சொல். பல பக்கங்களில் 'அதே மருந்து தொடரவும்' என்பதன் சுருக்கம் மட்டும். நிறை முதற்பக்கத்தில் ஒரு தடவை எழுதப்பட்டிருக்கிறது: 58 கிலோ. அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை. பிரஷர் மூன்று இடத்தில். சீனி ஒரு இடத்திலும் இல்லை. அவர் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரட் பத்தினவர் என்பது அந்தக் கொப்பிக்குத் தெரியவே தெரியாது.

வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித்தருகிற ஒரு விஷயம் உண்டு. ஒரு ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அதே கவனத்தோடு, அதில் என்ன இல்லை என்றும் பாருங்கள். அந்தக் கண்ணோடு இந்தக் கொப்பியைப் பார்த்தபோது, இதிலுள்ள வெற்றிடம் ஒரு டொக்டருடைய மறதியோ ஒரு ஆஸ்பத்திரியின் குறையோ மட்டும் இல்லை என்று பட்டது. அந்த வெற்றிடத்துக்கு ஏறத்தாழ 180 வருஷ வரலாறு இருக்கிறது. மனநோயாளரிடம் எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்று ஒவ்வொரு காலமும் எடுத்த முடிவுகளின் வரலாறு அது.

எண்ணத் தொடங்கிய காலம்

1841இல் லண்டனில் வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிபர அறிஞர் ஒரு அறிக்கை வெளியிட்டார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். மனநோயாளர் விடுதிகளில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று அவர் கணக்கெடுத்தார். வெளியில் இருக்கும் சனத்தைவிட உள்ளே இருப்பவர்கள் பல மடங்கு வேகமாக இறந்துகொண்டிருந்தார்கள். அதிலும் காசு கட்டமுடியாத ஏழைகளின் நிலை இன்னும் மோசம். ஆக, மனநோயாளர் நேரத்துக்கு முதலே சாகிறார்கள் என்பது நேற்றுத் தெரிந்த செய்தியில்லை. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து நாலு வருஷத்திலேயே அது அச்சில் இருந்தது.

அப்போது அவர்களைக் கொன்றது பெரும்பாலும் இதய நோய் இல்லை. நெருக்கமாக அடைக்கப்பட்ட வார்டுகளில் காசநோய், வயிற்றோட்டம், சிபிலிஸ் மூளையைத் தாக்குவதால் வரும் வாதம் என்பவைதான் முன்னுக்கு நின்றன. 1930களில் நியூயோர்க்கில் பெஞ்சமின் மால்ஸ்பேர்க்கும் நோர்வேயில் ஓர்னுல்வ் ஓடகோர்டும் திரும்பவும் எண்ணிப் பார்த்தார்கள். காசநோய் இன்னும் அங்கே இருந்தது. மரணத்தின் இடைவெளியும் இருந்தது.

எங்கட நாட்டிலும் அந்தக் காலத்துச் சிந்தனையின் தடம் இருக்கிறது. இன்றைக்கும் நாங்கள் சார்ந்திருக்கும் மனநோய்கள் கட்டளைச் சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடக்கிறது. பிறகு திருத்தங்கள் வந்தன, பெயர் மாறியது. ஆனால் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று யார் தீர்மானிப்பது, அவரை எங்கே வைப்பது என்பதுதான் அதன் மையக் கவலை. அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே ஒரு ஏச்சாக மாற்றிவைத்திருக்கும் எங்கட சமூகத்தின் கவலையும் ஏறக்குறைய அதுவேதான். ஆளை எங்கே வைப்பது? அந்த ஆளுக்கு ஒரு நெஞ்சு இருக்கிறது, அதற்குள் இதயம் ஒன்று அடிக்கிறது என்பது கேள்விக்குள்ளேயே வரவில்லை.

1952, பரிஸ்

பிரெஞ்சுக் கடற்படையில் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த ஹென்றி லபோறி, ஒப்பரேஷன் நேரத்து அதிர்ச்சியைக் குறைக்க ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்தார். ரோன்-பூலங்க் என்ற கொம்பனி 1950இன் கடைசியில் தயாரித்த ஒரு இரசாயனம் அவர் கைக்கு வந்தது. அதைக் கொடுத்தால் நோயாளி மயங்காமலேயே ஒரு விதமாக அமைதியாகிறார் என்று கண்டார். 1952இல் பரிஸின் சென்ற் ஆன் மருத்துவமனையில் ஜோன் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இருவரும் அதை மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குளோர்ப்ரோமசின். ஐரோப்பியச் சந்தையில் அதன் பெயர் லார்காக்டில்.

இந்த இடத்தில் நாங்கள் அவசரப்பட்டு மருந்துக்கு எதிராகக் கதைக்க விரும்பவில்லை. அதற்கு முந்திய உலகம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கட்டிவைத்தல், குளிர்நீரில் அமிழ்த்துதல், இன்சுலின் கொடுத்து மயக்க நிலைக்குக் கொண்டுபோதல், மூளையில் வெட்டு. அமெரிக்காவின் மாநில மனநல ஆஸ்பத்திரிகளில் மட்டும் 1955இல் 5 இலட்சத்து 59 ஆயிரம் பேரளவில் இருந்தார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. அதற்குச் சட்டமும் காசும் அரசியலும் காரணம். இந்தக் குளிசையும் ஒரு காரணம். வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. எங்கட அண்ணா தன்ர அக்காவின் வீட்டுத் திண்ணையில் இருந்து பேப்பர் வாசித்ததும் அதன் தொடர்ச்சிதான்.

ஆனால் அளக்கும் பழக்கம் இந்த இடத்தில் ஒரு திசையில் போய்விட்டது. குரல் கேட்பது குறைந்ததா, ஆள் அமைதியா, நித்திரை கொள்கிறாரா? இதுவே வெற்றியின் அளவுகோல். உடம்பில் என்ன நடக்கிறது என்பது இரண்டாம் பட்சம். ஒருவருக்கும் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1950களின் நடுப்பகுதியிலேயே இந்த மருந்து எடுப்பவர்களின் சீனி மட்டம் குழம்புகிறது, நிறை ஏறுகிறது என்று மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த நோயாளி கொழுக்கத் தொடங்குவதை, தேறி வருவதன் அடையாளமாகவே பார்த்தவர்களும் உண்டு.

மருந்து மட்டும்தான் காரணம் என்றும் சொல்லக்கூடாது. இந்தக் குளிசைகள் வருவதற்கு எழுபது வருஷங்களுக்கு முதலே, 1879இல், ஹென்றி மோட்ஸ்லி என்ற ஆங்கிலேய மனநல வைத்தியர், மனநோய் உள்ள குடும்பங்களில் சலரோகம் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று எழுதியிருக்கிறார். நோயே உடம்பையும் தொடுகிறது. அதற்கு மேல் வறுமை, தனிமை, அசையாமல் கிடக்கும் வாழ்க்கை. அதற்கும் மேல்தான் மருந்து.

சில மருந்துகள் இதயத்தை நேரடியாகவே தொட்டன. தயோரிடசின் என்ற குளிசை பல பத்தாண்டுகள் உலகெங்கும் பாவிக்கப்பட்டது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அது குழப்புகிறது, திடீர் மரணங்கள் நடக்கின்றன என்ற செய்திகள் 1960களிலேயே வந்தன. 2000இல்தான் அதன் பாவனை கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 2005இல் கொம்பனி அதை உலகச் சந்தையிலிருந்து எடுத்தது. இடையில் நாற்பது வருஷம்.

சிகரட் என்ற சம்பளம்

இந்த வரலாற்றில் எங்களை அதிகம் கோபப்படுத்திய அத்தியாயம் சிகரட்டுடையது. மனநல ஆஸ்பத்திரிகளில் சிகரட் என்பது காசு மாதிரி. சொன்னதைச் செய்தால் ஒன்று, குழப்பினால் இல்லை. 1960களில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஐலன், ஏஸ்ரின் என்ற உளவியலாளர்கள் ஒரு வார்டில் வில்லை முறையை அமைத்தார்கள். கட்டில் விரித்தால், வேலை செய்தால் வில்லை கிடைக்கும். அந்த வில்லைகளைக் கொடுத்து விரும்பியதை வாங்கலாம். பிறகு உலகெங்கும் பரவிய இப்படியான திட்டங்களில் சிகரட் வழமையான பரிசுகளில் ஒன்றாக இருந்தது. வைத்தியசாலையே நோயாளிக்குப் புகைக்கக் கொடுத்த காலம் அது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் புகைத்தலைத் தடுக்க விதி வந்தபோது மனநல வார்டுகளுக்கு விலக்குக் கேட்டார்கள், கிடைத்தது. கேட்டவர்களில் நோயாளரின் குடும்பங்களும் இருந்தன. இங்கிலாந்தில் 2007 யூலை 1இல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. மனநல விடுதிகளுக்கு மட்டும் மேலும் ஒரு வருஷம் தவணை. சொன்ன நியாயம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "பாவம், அவையளுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இதுதானே."

இந்த இரக்கத்தை நாங்களும் செய்திருக்கிறோம். அண்ணாவுக்குக் கடையில் சிகரட் வாங்கிக்கொடுத்தவர்களில் எங்களில் இருவரும் அடக்கம். அவர் கேட்டார், கொடுத்தோம். இன்னொரு ஆள் கேட்டிருந்தால் "ஏன் அண்ணா உதைப் பத்துறீங்கள்" என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்போம்.

அவர்களால் விடமுடியாது என்ற நம்பிக்கையும் சரியில்லை என்று இப்போது தெரியும். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 8,000 பேருக்கு மேல் பங்குபற்றினார்கள். ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஏதோ ஒரு மனநோய் உள்ளவர்கள். வரெனிக்லின், புப்ரோபியன் போன்ற புகை நிறுத்தும் மருந்துகள் அவர்களிடம் மனநோயைக் குறிப்பிடத்தக்க அளவில் கிளப்பிவிடவில்லை, நிறுத்துவதற்கு உதவின. ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். சிகரட் புகையிலுள்ள தார், குளோசபின், ஒலன்சபின் போன்ற மருந்துகளை ஈரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். ஆகவே நிறுத்தப் போகிறவர் வைத்தியருக்குச் சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். மருந்தின் அளவைக் குறைக்கவேண்டி வரலாம்.

அளக்க மனமிருந்தால் அளப்பார்கள்

மேலே சொன்ன குளோசபினின் கதை எங்கட வாதத்துக்கு முக்கியமானது. 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தை எடுத்தவர்களில் சிலருக்கு வெண்குருதிக் கலங்கள் படுமோசமாகக் குறைந்து, சிலர் இறந்தும் போனார்கள். மருந்து பின்வாங்கப்பட்டது. 1988இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, வேறு எந்த மருந்தும் கேட்காதவர்களுக்கும் இது வேலை செய்கிறது என்று காட்டியது. திரும்பக் கொண்டுவந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. ஒழுங்காக இரத்தம் சோதிக்கவேண்டும். இரத்தப் பரிசோதனை இல்லையென்றால் குளிசை இல்லை என்றார்கள்.

அதாவது, மருத்துவ உலகத்துக்கு அவசியம் என்று பட்டால் அளப்பதைக் கட்டாயமாக்க முடியும். முடிந்திருக்கிறது. அதே குளோசபின்தான் நிறையையும் சீனியையும் மோசமாக ஏற்றுகிறது. அதற்கு அப்படியொரு கட்டாயம் வரவில்லை. வெண்கலம் குறைந்தால் ஆள் சில நாளில் சாவார், பழி மருந்தில் விழும். சீனியும் கொழுப்பும் ஏறினால் 15, 20 வருஷம் கழித்துச் சாவார். பழி அவருடைய வாயில் விழும்: தின்னி, சோம்பேறி.

அந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்பது இன்று ஓரளவு தெரியும். ஒலன்சபின், குளோசபின் போன்றவை மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஆகியவற்றின் சில ஏற்பிகளை மறிக்கின்றன. போதும் என்ற உணர்வு அப்போது மங்கிப்போகிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பப் பசிக்கும். நித்திரைத் தூக்கம் வேறு, நடக்கவும் மனம் வராது.

ஒலன்சபின் 1996இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2003இல் அங்கே இந்தத் தலைமுறை மருந்துகள் எல்லாவற்றிலும் சலரோக எச்சரிக்கை போடச் சொன்னார்கள். 2004இல் அமெரிக்கச் சலரோகச் சங்கமும் மனநல வைத்தியர் சங்கமும் வேறு அமைப்புகளும் கூடி, மருந்து தொடங்கும்போதே நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சீனி, கொழுப்பு பாருங்கள், பிறகு ஒழுங்காகப் பாருங்கள் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தன. அதற்குப் பிறகும் பரிசோதனை பெரிதாகக் கூடவில்லை என்று வந்த ஆய்வுகள் காட்டின. 2009இல் ஒலன்சபினைத் தயாரித்த எலை லில்லி, அனுமதிக்கப்படாத தேவைகளுக்கு மருந்தை விளம்பரப்படுத்திய வழக்கில் குற்றத்தை ஏற்று, 141 கோடி டொலருக்கு மேல் கட்டச் சம்மதித்தது.

இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் குளிசையை நிறுத்திவிடக்கூடாது. பின்லாந்தில் 11 வருஷம் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களில் மருந்து எடுக்காதவர்களிடையே இறப்பு அதிகமாகவே இருந்தது. இவ்வளவு பக்கவிளைவு உள்ள குளோசபின் எடுத்தவர்களிடம்தான் இறப்பு ஆகக் குறைவு. மருந்து தேவை. அதோடு நிறை பார்க்கும் தராசும் தேவை. இதில் ஒன்றைத் தெரிவுசெய் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

நெஞ்சு நோகுது என்று சொன்னால்

இன்னொரு கதவும் மூடிக் கிடந்தது. 2000இல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவில் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன, 65 வயதுக்கு மேற்பட்ட ஒரு இலட்சத்துக்கும் கூடுதலானவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மனநோய் என்று பதிவு உள்ளவர்களுக்கு அடைப்பு எடுக்கும் சிகிச்சையும் பைபாஸும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கிடைத்திருந்தன. ஒரே நோய், ஒரே ஆஸ்பத்திரி முறை. கோப்பின் முன்பக்கத்தில் இருந்த ஒரு சொல் மட்டும் வித்தியாசம்.

ஊரில் இது இன்னும் எளிமையாக நடக்கும். மனநோயாளி ஒருவர் நெஞ்சு நோகுது என்று சொன்னால், "குளிசை ஒழுங்கா எடுத்தனியோ?" என்பதுதான் முதல் கேள்வி. அண்ணா சாவதற்கு முதல் இரண்டு கிழமையாக நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருக்கு என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு முந்தியும் நெஞ்சுக்குள் ஆரோ இருக்கினம் என்று சொல்கிற பழக்கம் இருந்ததால் வீட்டில் ஒருவரும் அதை வேறாகப் பிரித்துக் கேட்கவில்லை.

2013இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு இதையெல்லாம் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டியது. மனநலச் சேவையைப் பெற்றவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான ஆயுள் இடைவெளி 1985இல் ஆண்களுக்கு 13.5 வருஷம். 2005இல் 15.9. பெண்களுக்கு 10.4 என்பது 12 ஆனது. அந்த இருபது வருஷத்தில் இதய மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. எல்லோருடைய ஆயுளும் கூடியது. இவர்கள் மட்டும் பின்னால் விடப்பட்டார்கள். மேலதிக இறப்புகளில் ஏறத்தாழ 78 வீதம் உடல் நோய்களால். தற்கொலையால் 14 வீதம். மனநோயாளர் இளவயதில் இறந்தால் நாங்கள் முதலில் நினைப்பது தற்கொலையைத்தான். பெரும்பாலும் அது இதயம், நுரையீரல், புற்றுநோய்.

அளந்த பிறகு என்ன செய்வது

அவுஸ்திரேலியாவின் சிட்னியில், பொண்டாய் என்ற கடற்கரைப் பகுதியில், முதல் தடவை மனநோய் வந்த இளைஞர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். மருந்து தொடங்கும்போதே தாதி, உணவு ஆலோசகர், உடற்பயிற்சி வல்லுநர் எல்லோரும் அதே கிளினிக்கில். 12 கிழமையில் அந்தப் பிள்ளைகளின் நிறை சராசரியாக 1.8 கிலோ கூடியது. வழமையான சிகிச்சை பெற்றவர்களுக்கு 7.8 கிலோ. சின்ன ஆய்வுதான், 30 பேர்கூட இல்லை. ஆனாலும் நிறை ஏறுவது விதியில்லை என்று அது காட்டியது.

அங்கே ஜக்கி கேர்ட்டிஸும் கூட்டாளிகளும் தயாரித்த ஒரு பக்க வழிகாட்டி பிறகு இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அது பேர்மிங்ஹாமில் குடும்ப வைத்தியராகவும் பேராசிரியராகவும் இருந்த ஹெலன் லெஸ்டரின் பெயரைப் பெற்றது. லெஸ்டர் 2012இல் நிகழ்த்திய நினைவுப் பேருரையின் மையம் பில்லி என்ற ஒரு இளைஞன். இப்படியொரு பிள்ளையின் உடம்பைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்படவேண்டும் என்பதுதான் பொருள். அந்தப் பேருரை ஜேம்ஸ் மக்கன்சியின் பெயரில் நடப்பது. மக்கன்சி ஒரு சாதாரண குடும்ப வைத்தியராக இருந்துகொண்டே இதயத் துடிப்பை ஆராய்ந்த முன்னோடி. லெஸ்டர் அடுத்த வருஷமே காலமானார். அவருடைய பெயரிலான வழிகாட்டியின் சாரம் இதுதான்: பார்த்து எழுதிவைத்துவிட்டுப் போகாதே, ஏதாவது செய்.

என்ன செய்வது என்பதில் உலகம் வெற்றியும் கண்டது, தோற்றும் போனது. அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலத்திலிருந்து 2013இல் வெளியான ஆய்வில் 291 பேர். அவர்கள் ஏற்கனவே வந்துபோகும் பகல்நேர நிலையங்களிலேயே சேர்ந்து உடற்பயிற்சி செய்தார்கள், சீனிப் பானத்தை விடுவது மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களைத் திரும்பத் திரும்பப் பழகினார்கள். 18 மாதத்தில் மற்றவர்களைவிட சராசரியாக 3.2 கிலோ கூடுதலாகக் குறைத்தார்கள். சீனாவிலிருந்து 2008இல் வெளியான ஆய்வில், சலரோகக் குளிசையான மெட்போமினையும் உணவு, உடற்பயிற்சி மாற்றத்தையும் சேர்த்தபோது, மருந்தால் ஏறிய நிறை இறங்கியது. மறுபக்கம் டென்மார்க்கில் 428 பேரோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பயிற்றுநர்கள் வாராவாரம் சந்தித்து ஆலோசனை சொல்லியும் ஒரு வருஷத்தில் இதய ஆபத்து குறையவில்லை.

இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது எங்களுக்கு விளங்குவது இது. ஏறிய நிறையை இறக்குவது கடினம், ஏறாமல் பார்ப்பது அதைவிட இலகு. ஆகவே முதல் குளிசையோடேயே தொடங்கவேண்டும். 'குறைச்சுச் சாப்பிடு, நட' என்ற புத்திமதி தனியே போதாது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் பிரஷர் குளிசை, கொழுப்புக் குளிசை, சிகரட் நிறுத்த உதவி எல்லாம் இவர்களுக்கும் அதே கையால் கொடுபடவேண்டும். 2018இல் உலக சுகாதார நிறுவனமும் கடும் மனநோய் உள்ளவர்களின் உடல்நலத்துக்கென்றே வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. ஃபாருடைய அறிக்கையிலிருந்து 177 வருஷம்.

எங்கட கிளினிக்குகள்

எங்கட நாட்டில் இலவச வைத்தியம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் புகைத்தலை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. நடுத்தர வயதை எட்டியவர்களுக்குப் பிரஷர், சீனி பார்க்கும் அரச நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் 20 வயதில் ஒலன்சபின் தொடங்கும் ஒருவருக்கு ஆபத்து 20 வயதிலேயே தொடங்குகிறது. நடுத்தர வயது வரும்வரை அவரால் காத்திருக்க முடியாது. சலரோகக் கிளினிக் ஒரு நாள், மனநலக் கிளினிக் இன்னொரு நாள் என்று இருந்தால், மாதம் ஒருமுறை வருவதே பெரிய பாடாக இருக்கும் குடும்பம் இரண்டாவதை விட்டுவிடும். ஒரு தராசு, ஒரு அளவுநாடா, ஒரு பிரஷர் மெஷின், வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்தப் பரிசோதனை. இவை மனநலக் கிளினிக் மேசையிலேயே இருக்கலாம். கோடிக்கணக்கில் காசு தேவைப்படுகிற விஷயம் இல்லை இது.

அதுவரைக்கும் வீட்டில் இருப்பவர்கள் கேட்கலாம். கொப்பியை நீட்டும்போதே, "இவற்றை நிறையையும் பிரஷரையும் ஒருக்கா எழுதிவிடுங்கோ, சீனி பாக்கவேணுமோ?" என்று கேட்கலாம். நெஞ்சு நோகுது என்று சொன்னால், அதை முதலில் நெஞ்சு நோவாகவே எடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்.

இதையெல்லாம் வாசித்து முடித்தபிறகு நாங்கள் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அக்கா தேத்தண்ணி வைத்துத் தந்தார். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. கனநாளாக இருந்த கேள்வி போல. "இரவில எழும்பிப் பசிக்குது எண்டு நிப்பான் தம்பி. நான் பாணும் சீனியும் குடுப்பன். சில நேரம் அலுமாரியைத் துறந்து ஒளிச்செடுத்தும் தின்னுவான், நான் பேசிப்போடுவன். நான் குடுத்ததாலதானோ பிள்ளையள், இல்லாட்டி நான் பேசினது பிழையோ?"

அந்தக் குளிசை மூளைக்குள் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரிந்த அளவில் சொன்னோம். போதும் என்று சொல்கிற இடத்தை அது மறித்துவிடும் அக்கா, அந்தப் பசி உண்மையான பசிதான் என்றோம். இதை அவருக்கு 22 வருஷமாக ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கொப்பியின் மட்டையைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு, "அப்ப அவன் கள்ளத்தீன் தின்னேல்லை" என்றார்.